வரி எங்கே அதிகம்? வாழ்க்கைச் செலவு எங்கே குறைவு?

கிராம சபைக் கூட்டங்களிலும் சந்தைப் பேட்டைகளிலும் அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. "அடுத்த மாநிலத்தில் டீசல் மலிவு, நிலத்தைப் பதிவு செய்யச் செலவு குறைவு, கூலியோ அதிகம். நம்மிடம்தான் எதற்கெடுத்தாலும் வரி" என்பர் சிலர். "அங்கே போய்க் குடியிருந்து பார்த்தால் தெரியும்" என்பர் வேறு சிலர். பஞ்சாயத்து வீட்டு வரியைத் திருத்தியமைக்கத் தீர்மானம் வரும் நாளில் இந்த வாதம் இன்னும் வலுப்பெறுவது வழக்கம். இரு சாரார் கூற்றிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் ஒரு வரியின் விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு மாநிலங்களை ஒப்பிடுவது, வயலின் வரப்பை மட்டும் பார்த்து விளைச்சலை மதிப்பிடுவது போன்றதாகும். ஒப்பிடும் முறை எது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் பயனுள்ளது.

முதலாவதாக, மாநிலத்துக்கு மாநிலம் வரி எவ்வாறு வேறுபட்டது என்ற பழைய கதையைச் சுருக்கமாகக் காண்போம். பொது விற்பனை வரி என்பது இந்தியாவில் முதன்முதலாக 1939-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சட்டமாயிற்று. பிறகு ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு விற்பனை வரிச் சட்டம் வகுத்துக்கொண்டது. ஒரே சோப்புக் கட்டிக்கு ஓர் ஊரில் ஒரு வரி, எல்லை தாண்டினால் வேறு வரி என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. பெரும்பாலான மாநிலங்களில் 2005-லும் தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1-லும் மதிப்புக்கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஒரே சரக்குக்கு எல்லா மாநிலங்களிலும் வரி விகிதம் ஒன்றே. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான வரி நூற்றுக்கு 12-லிருந்து 5 ஆகக் குறைந்தபோது, ஈரோட்டிலும் லூதியானாவிலும் ஒரே நாளில்தான் குறைந்தது. இந்த வரியில் மாநிலத்தின் பங்கு, சரக்கு உற்பத்தியாகும் மாநிலத்துக்கன்றி, அது நுகரப்படும் மாநிலத்துக்கே சேர்கிறது.

அப்படியாயின் வேறுபாடு எங்கே எஞ்சி நிற்கிறது? பெட்ரோல், டீசல், மதுபானம், நிலக் கிரயத்தின் முத்திரைத் தீர்வை, வாகன வரி, மின் கட்டணம், உள்ளாட்சி வரிகள் ஆகியவற்றில்தான். மதுவைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. குஜராத் மாநிலம் 1960-ல் தோன்றிய நாள் தொட்டும், பீகார் 2016 முதலும் மதுவிலக்கை மேற்கொண்டு அவ்வருவாயை விட்டுக்கொடுத்துள்ளன. மற்றப் பெரும்பாலான மாநிலங்களில் அது கருவூலத்தின் பெரிய வாய்க்கால்களில் ஒன்று. குடும்பத் தலைவர் மனம் வைத்தால் முழுதும் தப்பித்துக்கொள்ளக் கூடிய வரி அது ஒன்றுதான் என்பதை மட்டும் சொல்லி மேலே செல்வோம்.

விகிதமும் ரூபாயும்

பெட்ரோல் வரியில் ஒரு பாடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்ட பின், மாநில வரி நூற்றுக்கு 13-ம், அதனுடன் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் என்றிருந்தது. கர்நாடகத்தில் 2024 ஜூனில் விற்பனை வரி நூற்றுக்கு 29.84 என்று உயர்த்தப்பட்டது. 13-ஐயும் 29.84-ஐயும் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பவர், கர்நாடகத்தில் வரி இருமடங்குக்கு மேல் என்று முடிவு கட்டிவிடுவார். கணக்கிட்டுப் பார்ப்போம். மாநில வரிக்கு முன் ஒரு லிட்டரின் விலை 75 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தமிழ்நாட்டு வரி 9 ரூபாய் 75 காசு, அதனுடன் 11 ரூபாய் 52 காசு, ஆக 21 ரூபாய் 27 காசு. கர்நாடக வரி 22 ரூபாய் 38 காசு. வேறுபாடு ஒரு ரூபாய் சொச்சமே. லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையாக வைக்கப்பட்ட பகுதி, எண்ணெய் விலை ஏறும்போது தானும் ஏறுவதில்லை. விலை இறங்கும்போது இறங்குவதும் இல்லை. ஆகவே விலை உயர்ந்த காலத்தில் ஒரு முறை நல்லது. தாழ்ந்த காலத்தில் மற்றொன்று நல்லது.

அதே 2024 ஜூன் மாதக் கடைசியில் சென்னையில் பெட்ரோல் சுமார் 101 ரூபாய், டீசல் சுமார் 92 ரூபாய். பெங்களூரில் பெட்ரோல் சுமார் 103 ரூபாய், டீசலோ சுமார் 89 ரூபாய். மொபெட் வைத்திருக்கும் வீட்டுக்குத் தமிழ்நாடு மலிவு; டிராக்டர் வைத்திருக்கும் வீட்டுக்குக் கர்நாடகம் மலிவு. ஓசூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் அண்டை மாநிலத்தைப் புகழ்ந்தால், அவர் எதை ஓட்டுகிறார் என்று கேட்ட பிறகே அவர் சொல்லை எடைபோட வேண்டும்!

வரி எதன்மேல் விதிக்கப்படுகிறது?

நிலக் கிரயத்தில் இச்சிக்கல் மேலும் ஒரு படி ஆழமானது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2, ஆக 9. கேரளத்தில் 8-ம் 2-ம் சேர்ந்து 10. கர்நாடகத்தில் தீர்வை 5, அதன்மேல் செஸ் முதலிய சிறு சேர்க்கைகள். பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் ஒன்றிலிருந்து இரண்டாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் 10 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 1 சலுகை உண்டு. குடும்ப நிலத்தை வாங்குவோர் இதைக் கவனிப்பது நலம்.

இந்த விகிதங்களைக் கொண்டு வரிசைப்படுத்திவிடலாமா? கூடாது. தீர்வை விதிக்கப்படுவது விகிதத்தின்மேல் அன்று, மதிப்பின்மேல். அந்த மதிப்பைத் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு என்றும், கேரளத்தில் நியாய மதிப்பு என்றும் அரசே நிர்ணயிக்கிறது. இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல உதாரணம் கிடைக்கிறது. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பு நூற்றுக்கு 33 குறைக்கப்பட்டது. அதே சமயம் பதிவுக் கட்டணம் 1-லிருந்து 4 ஆக உயர்ந்தது. 2023 ஏப்ரலில் பழைய மதிப்பு மீண்டும் கொண்டுவரப்பட்டு, பதிவுக் கட்டணம் 4-லிருந்து 2 ஆகக் குறைந்தது. முதலில் 1 லட்ச ரூபாய் வழிகாட்டி மதிப்பு இருந்த ஒரு துண்டு நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அதன் மதிப்பு 67,000. செலவு நூற்றுக்கு 11 வீதம் 7,370 ரூபாய். 2023 ஏப்ரலில் மதிப்பு 1,00,000. செலவு நூற்றுக்கு 9 வீதம் 9,000 ரூபாய். விகிதம் குறைந்தது, கட்டிய பணம் கூடியது. கேரளத்திலும் 2023 ஏப்ரலில் விகிதத்தைத் தொடாமலேயே நியாய மதிப்பை நூற்றுக்கு 20 உயர்த்தினர். விகிதம் மாறவில்லை என்று பத்திரிகையில் படித்து மகிழ்ந்தவர்கள் பதிவு அலுவலகத்தில் உண்மையை உணர்ந்திருப்பர்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி வேறொன்று. நம் மாநிலத்தில் வசூலாகும் 7-ல் 2 பங்கு உள்ளாட்சி மன்றங்களுக்கு உரிய கூடுதல் தீர்வையாகும். ஊரில் நிலம் கைமாறும்போது கிரயத் தொகையைக் குறைத்து எழுதுவதால் குறைவது தலைநகரின் கருவூலம் மட்டுமன்று. தம் ஊர்த் தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் வரவேண்டிய தொகையும் குறைகிறது.

விலையும் கூலியும்

வாழ்க்கைச் செலவுக்கு வருவோம். மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு 2022-23-க்கு வெளியிட்ட விவரப்படி, கிராமத்தில் ஒரு நபருக்கு மாதச் செலவு கேரளத்தில் 5,924 ரூபாய், தமிழ்நாட்டில் 5,310, ஆந்திரத்தில் 4,870, கர்நாடகத்தில் 4,397, சத்தீஸ்கரில் 2,466. இந்திய சராசரி 3,773. இதைக் கண்டு கேரளத்தில் வாழ்வது சத்தீஸ்கரில் வாழ்வதைப்போல் இருமடங்குக்கு மேல் விலையுயர்ந்தது என்று கூறுவோர் உளர். அது பிழை. இந்த எண்கள் காட்டுவது விலைவாசியை அன்று. மக்கள் எவ்வளவு செலவிட்டனர் என்பதை. கையில் பணம் இருப்பவர் மீனும் பாலும் பழமும் வாங்குகிறார், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறார். அவர் செலவு உயர்கிறது. இல்லாதவர் வாங்காமல் இருக்கிறார். அவர் செலவு தாழ்கிறது. குறைந்த செலவு சில இடங்களில் மலிவின் அடையாளம். பல இடங்களில் வறுமையின் அடையாளம்.

விலையைக் கூலியோடு சேர்த்து நிறுத்தினால்தான் பாரம் தெரியும். ரிசர்வ் வங்கியின் தொகுப்பின்படி 2022-23-ல் விவசாயக் கூலியாளின் (ஆண்) சராசரி நாட்கூலி கேரளத்தில் 764 ரூபாய், தமிழ்நாட்டில் சுமார் 470, மத்தியப் பிரதேசத்தில் 229. அவ்வாண்டின் பெரும்பகுதியில் ஒரு லிட்டர் பெட்ரோல் திருவனந்தபுரத்திலும் போபாலிலும் ஏறக்குறைய ஒரே விலை, அதாவது 108 ரூபாயை ஒட்டி. சென்னையில் 103-ஐ ஒட்டி. ஒரு நாள் கூலிக்குக் கேரளத் தொழிலாளி 7 லிட்டர் வாங்கலாம். தமிழ்நாட்டுத் தொழிலாளி நாலரை லிட்டர். மத்தியப் பிரதேசத் தொழிலாளி 2 லிட்டர். விலை ஒன்று, பாரம் மூன்று மடங்குக்கு மேல் வேறு.

ஆனால் கூலி என்பது ஒருவருக்கு வருவாய், மற்றொருவருக்குச் செலவு. கேரளத்தில் 1970-களின் நடுவில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல் சாகுபடி, சுமார் 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கியதற்குப் பல காரணங்களுள் ஆட்கூலியும் ஒன்று. அரிசி ஆந்திரத்திலிருந்தும் காய்கறி தமிழ்நாட்டிலிருந்தும் லாரியில் போய்ச் சேருகின்றன. டீசல் வரியும் சுங்கக் கட்டணமும் அந்த விலையில் ஏறிக்கொள்கின்றன. கூலியை மட்டும் பார்த்துப் பொறாமைப்படும் சிறு விவசாயி, தாம் அங்கே கூலி வாங்குபவராக இருப்பாரா, கொடுப்பவராக இருப்பாரா என்பதை யோசிப்பது நல்லது.

வீட்டுக் கணக்கில் வரவு வைக்காமல் விடப்படுபவையும் உள. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு விலையில்லா அரிசி வழங்கப்பட்டது; 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பிரயாணம். கர்நாடகத்தில் 2023 ஜூனில் அது போன்ற ஏற்பாடு தொடங்கியது. தினமும் வேலைக்குப் போய்வர 30 ரூபாய் மிச்சப்படும் பெண்ணுக்கு, மாதம் 25 நாட்களில் 750 ரூபாய். இதைக் கணக்கில் சேர்க்காமல் இரு மாநிலங்களின் வரியை மட்டும் ஒப்பிடுவது ஒருதலைக் கணக்காகும். இவற்றுக்கு யார் பணம் தருகிறார் என்றால், முன்னே கண்ட வரிகளைக் கட்டுபவர்தான்.

பஞ்சாயத்தின் கையில் உள்ளது

தொழில் வரியைப் பற்றிச் சில சொற்கள் அவசியம். அரசியல் சட்டம் இதற்கு ஆண்டுக்கு 250 ரூபாய் என்ற உச்சவரம்பு வைத்திருந்தது. 1988-ல் அது 2,500 ஆக உயர்த்தப்பட்டது. அதன்பின் அந்த வரம்பு நகரவில்லை. 1988-ல் 2,500 ரூபாய்க்கு ஏறக்குறைய ஒரு பவுன் பொன் கிடைத்தது என்றால், இவ்வரியின் மதிப்பு எவ்வளவு தேய்ந்துவிட்டது என்பது வீட்டுப் பெண்களுக்குச் சொல்லாமலே விளங்கும். டில்லி, அரியானா போன்ற இடங்களில் இந்த வரியே இல்லை. கர்நாடகம், மகாராஷ்டிரம், மேற்கு வங்காளம் முதலியவற்றில் மாநில அரசு வசூலித்து வைத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ளாட்சி மன்றங்களே வசூலிக்கின்றன. ஆகவே இவ்விரு மாநிலங்களில் தொழில் வரி அதிகம் என்று குறை கூறுபவர், அந்தப் பணம் எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஊர் எல்லையை அது தாண்டுவதில்லை.

கேரளப் பஞ்சாயத்துகள் சொந்த வருவாயில் செழிப்பாக இருக்கின்றனவே என்பர். அங்கே கிராமப் பஞ்சாயத்துகள் 941. நம்மிடம் சுமார் 12,500. அங்குள்ள ஒரு பஞ்சாயத்துக்குள் கடைவீதியும் பள்ளிகளும் வங்கிகளும் சம்பளக்காரர்களும் அடங்கிவிடுகின்றனர். நம் சிறு பஞ்சாயத்தில் தொழில் வரிப் பதிவேட்டில் பத்துப் பேர் இருந்தாலே பெரிது. கேரளத்தில் 2023 ஏப்ரல் முதல் கட்டடங்களின் சொத்து வரி ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 உயரும்படி ஏற்பாடு செய்துள்ளனர். பல ஆண்டுகள் தொடாமல் விட்டு ஒரே நாளில் இருமடங்காக்கிக் கூச்சலை வரவழைப்பதைக் காட்டிலும் இது மேலான முறை என்றே கருதத் தோன்றுகிறது.

கடைசியாக ஒரு வீட்டுக் கணக்கு. மாதம் 10 லிட்டர் பெட்ரோல் வாங்கும் ஒரு மொபெட் வீடு, முன் சொன்ன கணக்குப்படி லிட்டருக்கு 21 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 2,520 ரூபாய் மாநில வரியாகச் செலுத்துகிறது. ரசீது கேட்பதில்லை, கிராம சபையில் அதைப் பற்றி யாரும் எழுந்து பேசுவதும் இல்லை. மத்தியத் தீர்வை இதற்குப் புறம்பு. சில நூறு ரூபாய் வீட்டு வரிக்கோ நோட்டீஸ் வருகிறது, பெயர் சொல்லிக் கேட்கப்படுகிறது, ஆகவே அதுவே பெரிய பாரமாகத் தோன்றுகிறது. வரியைத் திருத்தும் தீர்மானத்தைக் கொண்டுவரும் பஞ்சாயத்து, இந்த இரு தொகைகளையும் அடுத்தடுத்து எழுதி, வீட்டு வரியில் சென்ற ஆண்டு எத்தனை விளக்கு எரிந்தது, எத்தனை நாள் மோட்டார் ஓடியது என்ற கணக்கையும் அதன் கீழே எழுதி, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அலுவலகப் பலகையில் ஒட்டிவைக்கலாம்.