வாடகையா, வாரமா, குத்தகையா?

ஆங்கிலத்தில் ‘ரென்ட்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எங்கள் தஞ்சை மாவட்டப் பாபநாசத்தில் அது போதாது. வீட்டுக்கும் கடைக்கும் கொடுப்பது வாடகை. அறுவடை மெஷினுக்கு மணிக்கணக்கில் கொடுப்பதும் வாடகைதான். கோயில் இடத்தில் வீடு கட்டியிருந்தால் அடிமனை வாடகை. மொத்தமாகப் பணம் கொடுத்து, மாத வாடகையும் வட்டியும் இல்லாமல் குடியிருந்தால் ஒத்தி. இப்போது பலர் அதை ‘லீசு’ என்கிறார்கள்.

வயலுக்கு வந்தால் கதை வேறு. விளைந்ததில் பங்கு கொடுப்பது வாரம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவைக் கொடுப்பது குத்தகை. வாரத்தில் வெள்ளச்சேதம் நிலக்காரர், உழுதவர் இருவருக்கும் உண்டு. குத்தகையில் அது உழுதவன் தலையில்தான். என் அப்பா வாரத்துக்குத்தான் சம்மதிப்பார். அதுதான் நியாயம் என்பது என் கட்சியும்.

அந்தக் காலத்தில் இதெல்லாம் நெல்லாகவே வந்தது. திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 3000 கலம் கொள்ளும் என்பார்கள். கலத்துக்கு 12 மரக்கால்.

பங்கில் தகராறு வந்து, 1952இல் தஞ்சைக்கென்றே சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956ஆம் ஆண்டு நியாய வாரச் சட்டம் நன்செய்யில் நிலக்காரர் பங்கை 100க்கு 40 என்றது. பிறகு அது 25 ஆனது.

வாய்ப்பேச்சுக் குத்தகை இன்னும் நடக்கிறது. நெல்லாகக் கொடுத்தாலும் பணமாகக் கொடுத்தாலும், ரசீது கேட்டு வாங்குங்கள்.