ஆளறிந்து தகவல் தரும் இயந்திரம்

சில மாதங்களுக்கு முன்பு நாம் தணிக்கைக்குச் சென்றிருந்த ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில், அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். மகளின் திருமணச் செலவுக்குக் கடன் எங்கே கிடைக்கும் என்று அவர் ஒரே ஒரு நாள் கைப்பேசியில் தேடிப் பார்த்திருக்கிறார். மறுநாள் முதல், பாட்டுக் கேட்கத் திறந்தாலும் செய்தி படிக்கத் திறந்தாலும், கடன் தருவோரின் விளம்பரங்களே முன்னே வந்து நின்றனவாம். "ஐயா, என் வீட்டுக் கஷ்டம் இந்தக் கருவிக்கு எப்படித் தெரிந்தது? யார் போய்ச் சொன்னார்கள்?" என்பதே அவர் கேள்வி.

மிகவும் நியாயமான கேள்வி. அன்று நாம் சுருக்கமாகக் கூறிய விடை மற்ற அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்று கருதி, அதனை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

வகை பிரித்த காலம்

ஆளறிந்து கொடுப்பது புதிய விஷயமன்று. சங்கத்து விற்பனை நிலையத்தில் நெடுநாள் பணிபுரிபவர், வாடிக்கைக்காரர் படியேறும்போதே அவருக்கு எந்தக் கரை பிடிக்கும் என்று அறிந்து எடுத்து வைப்பார். ஆனால் லட்சக்கணக்கான மக்கள் லட்சக்கணக்கான பொருள்களிடையே தேடும் இடத்தில் எந்த மனிதரின் நினைவும் போதாது. ஆகவே இவ்வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்க அறிஞர்கள் முற்பட்டனர்.

அமெரிக்காவில் எலைன் ரிச் என்ற அம்மையார் 1979-இல் 'கிரண்டி' என்னும் ஓர் ஏற்பாட்டைப் பற்றி எழுதினார். அது நூலகரைப் போன்றது. வாசகர் தம்மைப் பற்றிச் சில சொற்கள் கூறினால், அவர் இன்ன வகையினர் என்று கொண்டு அவருக்கேற்ற நாவல்களைச் சொல்லும். அந்த வகைகளை முன்னதாகவே ஒரு மனிதர் உட்கார்ந்து வகுத்து வைக்க வேண்டியிருந்தது. அதுவே அதன் குறை.

1992-இல் பாலோ ஆல்டோ நகரில் உள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார், ஒருவர் படித்துக் கூறிய அபிப்பிராயம் மற்றவர்க்கும் உதவும்படி ஒரு முறையை அமைத்து, அதற்குக் 'கூட்டு வடிகட்டல்' என்று பொருள்படும் பெயரை இட்டனர். 1994-இல் 'குரூப்லென்ஸ்' என்னும் அமைப்பு வந்தது. அதில் வாசகர்கள் செய்திக் கட்டுரைகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டனர். யாருடைய ருசி யாருடையதை ஒத்தது என்பதை மதிப்பெண்களிலிருந்து கணிப்பொறி தானே கண்டுகொண்டது. வகைகளை யாரும் வகுத்துத் தரவில்லை. கணக்குகளிலிருந்து தானே அறிந்துகொள்ளும் இத்திறனையே இயந்திரக் கற்றல் என்கிறோம்.

ஒரு சிறு கணக்கு

விற்பனை நிலையத்துக்கு மூவர் வருவதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் வேட்டிக்கு 5, துண்டுக்கு 4, போர்வைக்கு 1 என்று மதிப்பெண் தருகிறார். இரண்டாமவர் அவற்றிற்கு 5, 4, 2 தருகிறார். மூன்றாமவர் 1, 2, 5 தருகிறார். ஜமக்காளத்துக்கு இரண்டாமவர் 5-உம் மூன்றாமவர் 1-உம் தந்துள்ளனர். முதலாமவர் ஜமக்காளத்தைப் பார்த்ததே இல்லை. அவருக்கு அது பிடிக்குமா?

முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் உள்ள வித்தியாசங்களைக் கூட்டினால் 1. மூன்றாமவரோடு கூட்டினால் 4, 2, 4 ஆக 10. எனவே இரண்டாமவரின் சொல்லுக்குப் பத்துப் பங்கும், மூன்றாமவரின் சொல்லுக்கு ஒரு பங்கும் மதிப்புக் கொடுப்போம். பத்து ஐந்து 50, ஓரொன்று 1, ஆக 51. இதைப் பதினொன்றால் வகுத்தால் ஏறக்குறைய 4.6. 'இவருக்கு ஜமக்காளத்தைக் காட்டு' என்பது விடை. பெரிய நிறுவனங்களின் கணக்கு இதைவிடச் சிக்கலானதே எனினும், அடிப்படை இதுதான்.

இன்று மதிப்பெண் கேட்கப்படுவதும் குறைவு. எதைத் தேடினோம், எதைத் தொட்டோம், எதன் முன் எவ்வளவு நேரம் நின்றோம் என்பவையே மதிப்பெண்களாகப் பதிவாகின்றன. நம் நெசவாள அன்பரின் கஷ்டத்தை வேறு யாரும் போய்ச் சொல்லவில்லை. கடன் என்று தேடியபோது அவரே சொல்லிவிட்டார். அவ்வாறு தேடியவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்பதை, அவருக்கு முன் தேடிய ஆயிரக்கணக்கானோர் கற்பித்திருந்தனர்.

ஒரு போட்டியும் அதன் பாடமும்

திரைப்படங்களை வாடகைக்கு அனுப்பிவந்த நெட்பிளிக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2006-இல் ஒரு போட்டியை அறிவித்தது. தனது கணிப்பை 10 சதவீதம் மேம்படுத்துவோருக்கு 10 லட்சம் டாலர் பரிசு. ஏறத்தாழ 4,80,000 வாடிக்கையாளர்கள், 17,770 படங்களுக்கு அளித்த 10 கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்களை, பெயர்களை நீக்கி வெளியிட்டது. மூன்று குழுக்கள் தம்முள் ஒன்றுசேர்ந்து 2009-இல் பரிசை வென்றன. கூட்டுறவாளர்களாகிய நமக்கு இது மகிழ்ச்சி தருவதே.

மற்றொரு பாடமும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அர்விந்த் நாராயணனும் அவருடைய ஆசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகோவும் 2008-இல் அக்கணக்குகளை ஆராய்ந்து, ஒருவர் இட்ட எட்டு மதிப்பெண்களும் அவற்றின் தேதிகளும் தோராயமாகத் தெரிந்தாலே, 100-க்கு 99 பேரின் கணக்கைத் தனியே பிரித்தெடுக்கலாம் என்று காட்டினர். பெயரை அடித்துவிட்டாலும் பேரேடு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தொடர்ந்து நடத்த எண்ணியிருந்த இரண்டாம் போட்டியை அந்நிறுவனம் 2010-இல் கைவிட்டது.

நமக்குள்ள நஷ்டங்கள்

புதிய அங்கத்தினரைப் பற்றி இயந்திரம் ஒன்றும் அறியாது. புதிய சரக்கைப் பற்றியும் அப்படியே. புதிய டிசைனில் ஒருவர் சேலை நெய்து இணைய அங்காடியில் வைத்தால், அதை யாரும் வாங்கியிராததால் அது பின்னே தள்ளப்படும். பின்னே இருப்பதால் யாரும் வாங்குவதில்லை. ஏற்கெனவே விற்றதே மேலும் விற்கும். ஆகவே புதுச் சரக்கைச் சங்கத்தார் முதலில் தம் சொந்த வாடிக்கைக்காரர்களுக்கு அறிவித்து, அவர்கள் வாங்கியபின் நேர்மையான அபிப்பிராயத்தைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

இயந்திரம் எதை நோக்கிக் கற்கிறது என்பது அதைவிட முக்கியமானது. நமக்கு நன்மை எது என்று அது கற்கலாம். நாம் எதைத் தொடுவோம் என்று மட்டும் கற்கவும் கூடும். கடன் விளம்பரத்தைத் தொடுபவருக்கு அக்கடன் தகுமா என்பதை அது ஆராய்வதில்லை. அதை நடத்துபவரின் வரவே அதன் அளவுகோல்.

கேட்க வேண்டிய கேள்விகள்

பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பொது நிதி போன்றதே இந்த அறிவு. சங்க நிதியைப் பற்றி மகாசபையில் நாம் என்ன கேட்போமோ அதையே இதற்கும் கேட்க வேண்டும். பேரேடு யாரிடம் இருக்கிறது? என் கணக்கை நான் பார்த்துத் திருத்த முடியுமா? இலாபம் யாருக்குச் செல்கிறது? நமது பாராளுமன்றம் 2023-இல் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம்மைப் பற்றிய விவரங்களைத் திருத்தவும் அழிக்கவும் கோருவதற்கு வகை செய்கிறது. நாளை நம் சங்கங்களே இத்தகைய ஏற்பாட்டைச் செய்ய நேர்ந்தால், அங்கத்தினரின் சம்மதம் பெற்று, அவர் கேட்கும்போது கணக்கைக் காட்டும்படி அதனை அமைப்பது நிர்வாகத்தின் கடமை.

நம் நெசவாள அன்பர் அன்று மாலையே தம் மகனைக்கொண்டு, கைப்பேசியில் பதிவாகியிருந்த தேடுதல்களை அழித்து, ஆளுக்கேற்ற விளம்பரங்களை நிறுத்தும் வசதியையும் இயக்கினார். பிறகு வட்டி விகிதத்தையும் தவணையையும் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொண்டு, அவற்றைக் கூட்டுறவு வங்கியின் நிபந்தனைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒப்பிட்டபின் வங்கியில் மனுக் கொடுத்தார். மற்ற அங்கத்தினர்களும் கையொப்பமிடுவதற்கு முன் இவ்வாறே ஒப்பிட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.