தாயகம் திரும்பியோர்

தாயகம் திரும்பியோர் எனப்படுவோர், 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட இந்திய வம்சாவளித் தமிழர் ஆவர். அரசு ஆவணங்களில் வழங்கும் இப்பெயர் முற்றிலும் பொருத்தமானதன்று. அனுப்பப்பட்டோரில் மிகப் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். அதுவரை இந்தியாவைக் கண்டிராதவர்கள். இலங்கையில் "கள்ளத்தோணி" என இகழப்பட்ட இவர்கள், தமிழ்நாட்டில் "சிலோன்காரர்" ஆயினர்.

பின்னணி

19 ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் மூலம் ஆள் திரட்டப்பட்டது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து மக்கள் சென்றனர். (தென்காசி, குற்றாலம் வட்டாரம் 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருந்தது.)

இலங்கை விடுதலை பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தமைக்குப் பொதுவாகச் சான்று கேட்டது. தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரிடம் அத்தகைய சான்று இல்லை. அதே ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் அனுமதியின்றித் தங்கியிருப்போரைக் கைது செய்து நாடுகடத்த வழிவகுத்தது.

ஒப்பந்தம்

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான ஒப்பந்தம், நாடற்றோர் தொகையை 9,75,000 எனக் கணக்கிட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வேண்டும். எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இம்மக்களின் விருப்பம் முன்கூட்டிக் கேட்கப்படவில்லை.

குடும்பங்களின் பிரிவு

ஒப்பந்தம் தலைகளை எண்ணியது, குடும்பங்களை எண்ணவில்லை. 1964 அக்டோபருக்குப் பின் பிறந்த குழந்தைகள் பெற்றோருடன் சேர்க்கப்பட்டனர். வயது வந்த பிள்ளைகளோ தனியே விண்ணப்பித்தனர். இதனால் ஒரே லயத்தில் தந்தை இந்தியக் கடவுச்சீட்டும், மணமான மகன் இலங்கைக் குடியுரிமையும் பெறும் நிலை தோன்றியது. விண்ணப்பங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் முடிவானமையால், ஒரே முடிவை எடுத்த உடன்பிறந்தோரும் ஒன்றாகப் புறப்பட முடியவில்லை. பிரிந்தபின் ஒரு திருமணத்துக்கோ சாவுக்கோ செல்வதற்கும் விசா தேவைப்பட்டது. தேயிலை கொய்து பெறும் கூலியில் வாழ்ந்தோருக்கு இஃது எட்டாத செலவு.

இந்தியக் குடியுரிமை பெற்றவர் குறித்த காலத்துக்குள் வெளியேற வேண்டும். சேமலாப நிதி கைக்கு வராமலும், உடன் செல்ல வேண்டிய உறவினரின் ஆவணம் முடியாமலும் பலர் தாமதித்தனர். அவ்வாறு தங்கியோரை 1970களில் காவல்துறையினர் கைது செய்து கப்பலேற்றியதும் உண்டு. தானாக விண்ணப்பித்துச் செல்பவர் என்ற நிலையிலிருந்து நாடுகடத்தப்படும் குற்றவாளி என்ற நிலைக்கு ஒருவர் மாற, முத்திரையிட்ட ஒரு தேதி கடந்தால் போதுமாயிருந்தது.

மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற தொடருந்தை மக்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்றனர். கோச்சி என்பது மலையக வழக்கில் தொடருந்து. நடைமேடையில் நின்றோரும் பெட்டியில் அமர்ந்தோரும் ஒருவரையொருவர் இறந்தோரைப் போல அழுது அனுப்பினர். தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேசுவரத்தை அடையும். அங்கிருந்து மண்டபம் முகாம். 1984 இல் போர்ச்சூழலால் கப்பல் நின்றபோது, ஏறத்தாழ 4.6 இலட்சம் பேர் வந்து சேர்ந்திருந்தனர்.

தமிழ்நாட்டில்

குடும்ப அட்டை கொண்டோருக்கு மறுவாழ்வு உதவி ஒதுக்கப்பட்டது. 1968 இல் நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் (பின்னாளில் டான்டீ), 1969 இல் உருவான ரெப்கோ வங்கி ஆகியன இவர்களின் மறுவாழ்வுக்கும் உதவ ஏற்பட்டவை. எனினும் தோட்டவேலை எல்லோருக்கும் கிட்டவில்லை. மிகப் பலருக்கு வணிகக் கடனே ஒதுக்கப்பட்டது. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்கள் அறியாத ஊரில் கடை நடத்த இயலாமல் கடனை இழந்தனர். சிலர் கொடைக்கானல் மலைகளில் கொத்தடிமைகளாகவும் சிக்கினர்.

1983க்குப் பின்

1983 இனக்கலவரத்துக்குப் பின் படகில் வந்த அகதிகளிலும் மலையகத் தமிழர் இருந்தனர். இவர்களின் முன்னோர் தமிழ்நாட்டினரே. ஆயினும் 2003 இல் திருத்தப்பட்ட இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி, உரிய ஆவணமின்றி வந்தவர் "சட்டவிரோதக் குடியேறி" ஆவார். அவர் பதிவு மூலம் குடியுரிமை கோர முடியாது. தென்காசி மாவட்டத்தில் கடையநல்லூரை அடுத்த போகநல்லூரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உள்ளது. 2021 இல் தமிழ்நாடு அரசு இத்தகைய முகாம்களுக்கு "மறுவாழ்வு முகாம்" எனப் பெயர் மாற்றியது.

கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினர் தொடுத்த வழக்கில், அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் எனச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 சூனில் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இந்திய அரசு, 2015 சனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இன்மைக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. இவ்விலக்கு குடியுரிமை தருவதன்று.