செர்ரி மரத்தில் ஓடிய நேரம்

அமெரிக்காவின் பழைய ஆளுயரக் கடிகாரங்களைப் பார்க்கிறவர்கள் முதலில் ரசிப்பது மரப்பெட்டியை. அந்த உயரம் அலங்காரத்துக்காக வந்ததல்ல. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சரியாக ஒரு நொடியில் போய்ச்சேரும் ஊசலுக்கு ஏறக்குறைய 99 செ.மீ. நீளம் வேண்டும். எடைக்குண்டுகள் எட்டு நாள் மெல்ல இறங்கவும் இடம் வேண்டும். ஊசல் ஒருமுறை அசைந்தால் 30 பல் கொண்ட சக்கரம் அரைப் பல் நகரும். நிமிடத்துக்கு ஒரு சுற்று. நொடிமுள்ளை அந்த அச்சிலேயே பொருத்திவிடலாம். ஊசற்குண்டை ஒன்றரை மில்லிமீட்டர் இறக்கினாலே நாளுக்கு ஒரு நிமிடம் பின்தங்கிவிடும்.

டயலில் இருப்பது ஒரே பெயர், உழைத்த கைகளோ பல. மாசசூசெட்ஸின் ராக்ஸ்பரியில் சைமன் வில்லார்ட் புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர். ஆனால் இத்தகைய கடிகாரங்களுக்குப் பெட்டி செய்தவர்கள் தச்சர்கள். வர்ணம் தீட்டிய இரும்பு டயல்கள் பல, இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து கப்பலேறி வந்தவை.

சக்கரங்களுக்கான பித்தளையும் இப்படித்தான் கடல்தாண்டி வந்தது, விலையும் அதிகம். கனெக்டிகட் கைவினைஞர்கள் கையருகே இருந்த மரத்தையே எடுத்துக்கொண்டார்கள். தாங்கு பலகைகளுக்கு ஓக், சக்கரங்களுக்குச் செர்ரி, சிறு பற்சக்கரங்களுக்கு உறுதியான லாரல். என்னைக் கேட்டால், இந்தக் கதையின் உச்சம் அடுத்து நடந்ததுதான். 1800களின் முதல் பத்தாண்டில் எலை டெரி என்பவர், மூன்றே ஆண்டுகளில் 4,000 மரக் கடிகார இயந்திரங்கள் செய்துதர ஒப்புக்கொண்டார். முதல் ஆண்டு கருவிகளை அமைப்பதிலேயே போயிற்று. பிறகு தண்ணீர் விசையில் ஓடிய ரம்பங்கள் ஒரே அளவுச் சக்கரங்களை வெட்டித் தள்ளின. சொன்னபடி வேலை முடிந்தது. பெட்டியில்லாமலே இயந்திரத்தை வாங்கிய விவசாயி, உள்ளூர்த் தச்சரிடம் பெட்டி செய்துகொண்டார்.

மர இயந்திரம் பொதுவாக 30 மணிநேரம்தான் ஓடும். தினமும் கயிற்றை இழுத்து எடையை ஏற்ற வேண்டும். சாவியே தேவையில்லை. ஆனாலும் பல டயல்களில் சாவித்துளை போலவே வரைந்திருப்பார்கள், எட்டு நாள் கடிகாரம் போலத் தெரியட்டும் என்று! அந்த ஆசையை நான் குறைவாக நினைக்கவில்லை. வீட்டில் கடிகாரம் வைத்திருப்பது பெரும்பாலும் செல்வந்தருக்கான வசதியாக இருந்த காலம் அது.

1816இல் டெரியே அலமாரியில் வைக்கும் சிறு கடிகாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். குட்டை ஊசல், குறைந்த விலை. நெடிய கடிகாரத்தை வாங்குவோர் அருகிப்போனார்கள். சேகரிப்பாளர்கள் இன்றும் பித்தளைக்கே அதிக விலை தருகிறார்கள். மரச்சக்கரத்தில் முதலில் உடைவது மரத்தின் ரேகைக்குக் குறுக்கே அமைந்த பற்கள். பழுதுபார்ப்பவர் அந்த இடத்தைச் செதுக்கி, புதிய செர்ரித் துண்டை ஒட்டி, ரேகை பார்த்துப் பல் வெட்டுகிறார். கடிகாரம் மீண்டும் ஓடுகிறது.