கொப்பியில் இருந்த சிவப்புச் சொல்



சில மாதங்களுக்கு முன், என்னிடம் அரபு படிக்கும் ஆறாந் தர மாணவன் ஒருவனின் உம்மா, மாலை நேரத்தில் ஓர் ஆங்கிலக் கொப்பியுடன் என்னைத் தேடி வந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"மௌலவி, எண்ட புள்ளைய டீச்சர் மோடன் எண்டு எழுதியிருக்கா. இத எப்படிப் பொறுக்கிற?"

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். சிவப்பு மையில் 'ஸில்லி மிஸ்டேக்ஸ்' என்று எழுதப்பட்டிருந்தது. அயல் வீட்டுப் பிள்ளை அகராதியைப் புரட்டி, 'ஸில்லி' என்றால் 'முட்டாள்தனமான' என்று வாசித்துக் காட்டியிருக்கிறது. அதைக் கேட்ட ஆத்திரத்தில் அன்று பகலே மகனுக்கு அடியும் விழுந்துவிட்டது.

அகராதியில் அப்படித்தான் இருக்கும். எனினும், அகராதியில் காணும் பொருளை மட்டும் வைத்து ஒரு சொல்லை எடைபோட முடியாது. ஆங்கிலத்தில் 'ஸில்லி மிஸ்டேக்' என்றால், பாடம் தெரிந்த பிள்ளை கவனக்குறைவால் விடும் சிறு பிழை. வசனத்தின் முடிவில் முற்றுப்புள்ளியை மறப்பது, ஏழும் ஐந்தும் பதினொன்று என்று அவசரத்தில் எழுதுவது போன்றவை இதில் அடங்கும். அந்த ஆசிரியை சொன்னது, "இவனுக்குத் தெரியும், கவனம்தான் போதாது" என்பதே. ஒரு வகையில் அது பாராட்டும்கூட!

இச்சொல்லின் வரலாறும் சுவையானது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் இதன் மூலச் சொல்லுக்கு 'பாக்கியம் பெற்ற', 'மகிழ்ச்சியான' என்பதே பொருள். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல்லான 'ஸெலிக்' இன்றும் 'பாக்கியம் பெற்ற' என்ற பொருளைத் தாங்கி நிற்கிறது. ஆங்கிலத்திலோ அது 'கள்ளங்கபடமற்ற' என்றாகி, பின்னர் 'பரிதாபத்துக்குரிய', 'பலவீனமான' என்று இறங்கி, 16ஆம் நூற்றாண்டளவில் 'அறிவற்ற' என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. கபடமில்லாதவனை உலகம் ஏமாளியாகப் பார்க்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

நம் தமிழிலும் இதற்கு நிகர் இருக்கிறது. 'பேதை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து முதல் ஏழு வயது வரையான சிறுமியைக் குறிக்கும் சொல் அது. கபடமறியாதவள் என்றும் பொருள் தரும். அறிவில்லாதவர் என்றும் பொருள் தரும்.

இன்னுமொரு புதுமை கேளுங்கள். நாம் ஆசையோடு சொல்லும் 'நைஸ்' என்ற சொல், அறியாமையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அதன் பொருளே 'மூடத்தனமான' என்பதுதான்!

இன்று 'ஸில்லி' மென்மையான சொல். "டோன்ட் பி ஸில்லி" என்று சிரித்துக்கொண்டு சொன்னால், "சும்மா பகிடி பண்ணாதீங்க" என்பது போலத்தான். கிரிக்கெட்டிலும் 'ஸில்லி பொயின்ட்' என்ற இடம் உண்டு. துடுப்பாட்டக்காரருக்கு மிக அருகில், பந்து பட்டுவிடும் ஆபத்தோடு நிற்பதால் வந்த பெயர் அது. அங்கே நிற்பவரை யாரும் முட்டாள் என்று எண்ணுவதில்லையே!

ஆனால் 'ஸ்டுபிட்', 'இடியட்', 'மோரன்' போன்றவை அப்படியல்ல. 'மோரன்' என்பது 1910இல் அமெரிக்க உளவியலாளர் ஹென்றி கொடார்ட், மனவளர்ச்சி குன்றியோரில் ஒரு பிரிவினரைக் குறிக்க உருவாக்கிய சொல். நாளடைவில் அது வசைச்சொல்லாகி மனதைப் புண்படுத்தியதால், மருத்துவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட சொற்களைத்தான், ஆங்கிலம் என்பதால் நாகரிகம் என எண்ணி, சிலர் வீட்டில் பிள்ளைகள் மீது வீசுகிறார்கள்.

இதைச் சொல்ல எனக்கும் தகுதி குறைவுதான். பல ஆண்டுகளுக்கு முன், 'ஸீன்', 'ஷீன்' என்ற இரு எழுத்துகளையும் திரும்பத் திரும்ப மாற்றி வாசித்த ஒரு சிறுவனை, வகுப்பின் முன் "மோடன்" என்று ஏசிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்மையில் அவரைக் கடைவீதியில் கண்டேன். மரியாதையாகப் பேசினார். பேச்சிடையே, "அதுக்குப் பொறகு வகுப்புல கேள்வி கேக்கவே பயம் மௌலவி" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆகவே சகோதரிகளே, பிள்ளை பிழை விட்டால் பிழையைச் சொல்லுங்கள். "இது மோட்டு வேலை மகன், திருத்துங்க" என்றால் பிள்ளை திருத்திக்கொள்ளும். "நீ மோடன்" என்றால் அதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை; பிள்ளை அதை நம்பத்தான் செய்யும்.

அன்று அந்தத் தாய்க்கு இவ்வளவையும் விளக்கிச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கொப்பியை மூடி, "அப்ப நான் அடிச்சது?" என்று கேட்டார்.

"வீட்டுக்குப் போய் மகனோட பேசுங்க" என்றேன்.