ட்ரோனின் மூடியைக் கழற்றினால்...

மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு ட்ரோனுக்குள் பெரிதாக ஒன்றும் இருக்காது. மோட்டார்கள், பேட்டரி, கேமரா, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சர்க்யூட் போர்டு. இவையெல்லாம் எந்த நாட்டுச் சரக்கு என்ற கேள்வியில்தான் 2025 பிப்ரவரியில் இந்தியத் தரைப்படையின் 400 ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்கள் ரத்தாயின. மதிப்பு 230 கோடி ரூபாய்க்கு மேல். சீன எல்லையில் சுமை தூக்க வேண்டிய ட்ரோனுக்குள்ளேயே சீன உதிரிபாகம் என்றால் எந்தத் தளபதிக்குத் தூக்கம் வரும்? தகவல் கசியலாம், பறக்கும்போதே கட்டுப்பாடு கைமாறலாம். ஆனால் மலிவான ட்ரோன் பாகங்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்துதான் வருகிறது. விலையும் குறைய வேண்டும், சீனப் பொருளும் கூடாது என்பது ஒரே உறையில் இரண்டு கத்தி.

உதிரிபாகத்தையாவது பிரித்துப் பார்க்கலாம். மென்பொருள் எடுக்கும் முடிவை எப்படிச் சோதிப்பது? பீரங்கி என்றால் பொக்ரானில் சுட்டுப் பார்த்துவிடலாம். மென்பொருள் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2003 மார்ச் 23 அன்று, இராக்கில் பணி முடித்துக் குவைத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னாடோ போர் விமானத்தை, அமெரிக்காவின் பேட்ரியாட் வான் பாதுகாப்பு அமைப்பு எதிரி ஏவுகணை என்று முடிவுகட்டியது. திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்த வீரர்கள் அது சொன்னதை நம்பினார்கள். விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். பத்தே நாளில் அமெரிக்கக் கடற்படையின் சொந்த விமானம் ஒன்றும் அதே அமைப்புக்கு இரையானது. மென்பொருளை நம்பும்படியே பேட்ரியாட்டை இயக்கிய வீரர்களுக்குப் பயிற்சி தரப்பட்டிருந்தது என்பது விசாரணையில் தெரியவந்தது. சந்தேகப்படக் கற்றுத்தருவதை டெண்டரில் எந்தப் பத்தியில் எழுதுவது?

இன்னொரு தலைவலி, காலம். உக்ரைனில் எதிரி சிக்னலை முடக்கினால் சில வாரங்களில் ட்ரோனின் அலைவரிசையையும் மென்பொருளையும் மாற்றிவிடுகிறார்கள். இங்கே தேவைக்கு ஒப்புதல், டெண்டர், களச் சோதனை, விலைப்பேரம் என்று கோப்பு நகர்ந்து முடிய வருடங்கள் ஆகிவிடும்.

இந்த இழுபறிக்குக் குறுக்குவழி ஒன்று அரக்கோணத்தில் கிடைத்தது. அங்குள்ள ராஜாளி கடற்படைத் தளத்துக்கு 2020இல் இரண்டு அமெரிக்க சீகார்டியன் ட்ரோன்களைக் குத்தகைக்கு எடுத்தார்கள். தரையிலிருந்து ஆள் இயக்குகிற ரகம்தான். முழுக்கத் தானாக முடிவெடுக்கும் ரகம் அல்ல. 2024 செப்டம்பரில் ஒன்று கோளாறாகிச் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் இறக்கப்பட்டது. குத்தகை என்பதால் மாற்று ட்ரோன் தரும் பொறுப்பு குத்தகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் தலையில் விழுந்தது. நான்கு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு, அடுத்த மாதமே அதே குடும்பத்தைச் சேர்ந்த 31 ட்ரோன்களைச் சொந்தமாக வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது: கடற்படைக்கு 15, மற்ற இரு படைகளுக்கும் தலா 8.