கடல் கொண்ட நாட்டின் கரையிலே

பிரிட்டன் தீவின் மேற்குப் பகுதியில் அமைந்தது வேல்ஸ் நாடு. மலையும் மழையும் ஆட்டு மந்தைகளும் மலிந்த சிறு நாடு அது. அந்நாட்டின் கடற்கரை நெடுகிலும் செல்லும் நடைபாதை ஒன்று 2012ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பெற்றது. அதன் நீளம் 870 மைல். அவ்வளவையும் நடந்து முடிக்க வாரங்கள் பல வேண்டும். ஒரு பகற்பொழுதே கையில் உண்டெனின், போர்த் என்னும் சிற்றூரிலிருந்து அபெரிஸ்த்வித் நகர் வரையுள்ள சுமார் 6 மைல் வழியைத் தேர்ந்து கொள்ளலாம். வாசக அன்பர்களே, வாருங்கள். அவ்வழியே நடந்து வருவோம்.

போர்த் ஊருக்கு 1863இல் இருப்புப்பாதை வந்தது. அடுத்த ஆண்டே அது அபெரிஸ்த்வித்தை எட்டியது. ஆகவே காலையில் நடந்து சென்று மாலையில் ரயிலேறித் திரும்புதல் எளிது. ஆயின் புறப்படுமுன், ரயில் நேரத்தினும் முக்கியமாகப் பார்க்க வேண்டியது கடல் ஏறி வற்றும் நேரமாகும். வற்றும் வேளையிலேதான் இவ்வூரின் அதிசயம் கண்ணுக்குப் புலனாகும்.

மணற்பரப்பிலே கருத்த அடிமரங்கள் வேரோடு நிற்கின்றன. ஓக், பைன், பிர்ச் முதலிய மரங்களின் எச்சங்கள் அவை. கடல் மட்டம் உயர, சதுப்பு பரவ, ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்னரே மடிந்த காடு இது. காற்றுப் புகாத ஈரக் கரிமண் மூடிக்கொண்டமையால் மட்கிப் போகாமல் நின்றது. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீசிய கடும் புயல்கள் மணலை வாரிச் சென்றபோது, இம்மரங்கள் பெருவாரியாக வெளிப்பட்டன.

இதனைக் கண்ட மக்கள் கதை சொல்லாதிருப்பரோ? இக்கடலின் அடியில் காந்த்ரெர் குவைலோத் என்னும் வளநாடு கிடக்கிறதாம். குவித்னோ என்பவன் அதன் அரசன். அணை கட்டிக் கடலைத் தடுத்து, மதகுகளைக் காக்கச் சைத்தெனின் என்பவனை நியமித்தான். ஒரு விருந்து நாளில் அவன் குடித்து மயங்கினான். மதகு திறந்தே கிடந்தது. ஓர் இரவில் நாடு முழுதும் நீரில் ஆழ்ந்தது. அமைதியான நாட்களில் அதன் ஆலய மணிகள் கடலடியில் ஒலிக்கும் என்பர். இந்திர விழாவை மறந்தமையால் புகார் நகரைக் கடல் கொண்டது என மணிமேகலை கூறுவதை நம்மவர் நினைவுகூரலாம்.

போர்த்தைக் கடந்ததும் பாதை குன்றின் மேல் ஏறுகிறது. இடப்புறம் மேய்ச்சல் நிலம். வலப்புறம் செங்குத்தான பாறையும் கடலும். பாதை ஏறியும் இறங்கியும் செல்வதால் நல்ல காலணி இன்றியமையாதது. இடைவழியிலுள்ள வாலோக் என்னுமிடத்தில், கரையிலிருந்து கடலுக்குள் நெடுந்தொலைவு நீளும் கல்வரம்பு ஒன்றைக் காணலாம். மூழ்கிய நாட்டின் அணை இதுவே என்பது ஊரார் வழக்கு. பனியாறுகள் உருகியபோது விட்டுச் சென்ற கற்குவியல் என்பது நிலநூலார் முடிவு.

அடுத்துக் கிளாராக் விரிகுடா. அதன் பின்னர் இறுதிக் குன்று. 1896 முதல் இயங்கும் இழுவை ரயில் ஒன்று அதன் சரிவில் ஏறி இறங்குகிறது. கீழே அபெரிஸ்த்வித்தின் கடற்கரைச் சாலை. அதன் கோடியிலுள்ள இரும்புக் கம்பியைக் காலால் ஓர் உதை உதைத்துத் திரும்புவது அவ்வூர் வழக்கம், நாமும் உதைப்போம்!

நகரின் மேட்டிலே, 1907இல் நிறுவப்பெற்ற வேல்ஸ் தேசிய நூலகம் நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'கார்மார்தன் கருநூல்' என்னும் ஏடு அங்கே காக்கப்படுகிறது. மூழ்கிய நாட்டைப் பற்றிய பழம்பாட்டு அதில் உள்ளது. வியப்பு யாதெனில், அப்பாட்டில் குடிகாரக் காவலன் இல்லை. மெரெரித் என்னும் மங்கையின் மீதே பழி விழுகிறது. குடிகாரன் கதை பிற்காலத்தது. 1829இல் வெளிவந்த ஓர் ஆங்கில நாவல் அதனை எங்கும் பரப்பிற்று.

ரயிலடிக்குச் செல்லுமுன் இன்னும் ஓரிடம் காண வேண்டும். அது ரெய்டோல் ஆற்றின் குறுக்கேயுள்ள ட்ரெவெகன் பாலம். 1963 பிப்ரவரி 2ஆம் நாள், இளைஞர்கள் இப்பாலத்தில் அமர்ந்து போக்குவரத்தை மறித்தனர். நீதிமன்ற அழைப்பாணை தங்கள் தாய்மொழியில் வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. 1967இல் ஒரு சட்டம் சிறிதளவு உரிமை தந்தது. 2011இல் வேல்ஸ் மொழி ஆட்சிமொழித் தகுதி பெற்றது. எனினும் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதனைப் பேசுவோர் சுமார் 5,38,000 பேரே, நூற்றுக்குப் பதினெண்மர்.

கதையிலே, ஒருவன் உறங்க ஒரு நாடு மூழ்கியது. மொழிக்கோ தனிக் காவலன் எவனும் இல்லை. அதனைப் பேசும் ஒவ்வொரு வீடும் ஒரு மதகே. பிறமொழி சூழ வாழும் நம் இல்லங்களிலும் அம்மதகின் சாவி தாயிடமும் தந்தையிடமுமே இருக்கிறது. இரவு உணவுக்கு அமரும்போது பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லுங்கள், தமிழிலேயே சொல்லுங்கள்.